ஐபீஸில் எந்த எண்ணை எடுப்பது?

என்னிடம் இருப்பது 200 மி.மீ. விட்டமுள்ள ஆடி கொண்ட டாப்சோனியன் தொலைநோக்கி, அதாவது எளிய மரத் தாங்கியில் கையால் திருப்பும் வகை. பார்க்க வருபவர்கள் குழாயைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்?" என்று கேட்பார்கள். பதிலில் பாதிதான் குழாயில் இருக்கிறது. மீதி என் சட்டைப் பையில் கிடக்கும் ஐபீஸ்களில், அதாவது கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸ் குழல்களில். அவற்றின் மேல் எழுதியிருக்கும் மி.மீ. எண்தான் அவற்றின் குவியத் தொலைவு.

கணக்கு எளிது. தொலைநோக்கியின் குவியத் தொலைவை (ஆடியிலிருந்து ஒளி குவியும் இடம்வரை உள்ள தூரத்தை) ஐபீஸின் குவியத் தொலைவால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைத்துவிடும். என் தொலைநோக்கிக்கு 1200 மி.மீ. அதில் 25 மி.மீ. ஐபீஸ் போட்டால் 48 மடங்கு, 10 மி.மீ. போட்டால் 120 மடங்கு. எண் குறையக் குறையப் பெருக்கம் கூடும். புதிதாக வருபவர்கள் குழம்புவது இங்கேதான். அதே 10 மி.மீ. ஐபீஸ் 600 மி.மீ. தொலைநோக்கியில் 60 மடங்குதான் தரும்.

சரி, இருப்பதிலேயே சின்ன எண்ணை வாங்கிவிடலாமே? நானும் முதலில் அப்படித்தான் 4 மி.மீ. ஒன்று வாங்கினேன். 300 மடங்கு. வியாழனைப் பார்த்தால், ஓடும் தண்ணீருக்கடியில் கிடக்கும் காசு போல நெளிந்துகொண்டே இருந்தது. அதன் மேகப் பட்டைகள் பிடிபடவில்லை. பூமி சுழல்வதால் 40 விநாடிக்குள் பார்வையைவிட்டும் நகர்ந்துவிட்டது. மனசு விட்டுப்போய் 10 மி.மீ.க்கு மாறினேன். இரண்டு பட்டைகளும் பளிச்சென்று தெரிந்தன, பக்கத்தில் நான்கு நிலாக்கள். உருவம் சிறியதுதான், ஆனால் தெளிவு அதில்தான் இருந்தது.

காரணம், நமக்கு மேலிருக்கும் காற்றின் அலைவையும் ஐபீஸ் சேர்த்தே பெரிதாக்குகிறது. ஆடியின் மி.மீ. அளவை இரண்டால் பெருக்கினால் வருவது உச்ச வரம்பு என்பார்கள். எனக்கு அது 400. ஆனால் பெரும்பாலான இரவுகளில் 200-ஐத் தாண்டி நான் புதிதாக எதையும் பார்த்ததில்லை.

வெளிச்சத்தையும் யோசிக்க வேண்டும். பெருக்கத்தை இரட்டிப்பாக்கினால் ஒளி நான்கு மடங்கு பரப்பில் விரிந்து, நெபுலா (விண்வெளி வாயு மேகம்) போன்றவற்றின் பிரகாசம் கால்வாசியாகிவிடும். பார்க்கும் பரப்பும் சுருங்கும். சாதாரண பிளோசல் வகை ஐபீஸின் தோற்றப் புலம், அதாவது உள்ளே தெரியும் வட்டத்தின் கோண அகலம், 50 பாகை அளவில் இருக்கும். அதைப் பெருக்கத்தால் வகுத்தால் வானில் எவ்வளவு அகலம் தெரியும் என்பது கிடைக்கும். 48 மடங்கில் 1 பாகைக்குச் சற்று மேல், அதாவது இரண்டு முழுநிலவுகள் அடுத்தடுத்து நிற்கும் இடம். 120 மடங்கில் ஒரு நிலவே முழுதாக அடங்காது. ஆண்ட்ரோமெடா கேலக்ஸிக்கு நான் 25-ஐத் தவிர எதையும் எடுப்பதில்லை. லைரா விண்மீன் குழுவிலுள்ள வளைய நெபுலா வேறு ரகம். ஆள் சிறியது, ஆனால் அதிகப் பெருக்கத்தைத் தாங்கும். 120-இல்தான் நடுவிலுள்ள ஓட்டை அழகாகத் தெரியும்.

தொலைநோக்கியை அரை மணி நேரம் முன்பே வெளியே வைத்து ஆறவிடுங்கள். 25-ஐப் போட்டு, பொருளைச் சரியாக நடுவில் கொண்டுவந்து, குவியம் சரிசெய்யுங்கள். அப்புறம் குழாயை அசைக்காமல் 10-க்கு மாறி, மறுபடி குவியத்தைத் திருகுங்கள். நெளிந்தால் தயங்காமல் பழையபடி 25-க்கே வந்துவிடுங்கள்.

ஐபீஸோடு சேர்த்துச் செருகிப் பெருக்கத்தைக் கூட்டும் பார்லோ லென்ஸ் வாங்குவதாக இருந்தால் முதலில் காகிதத்தில் கணக்குப் போடுங்கள். 2 மடங்கு பார்லோவில் 25 என்பது 12.5 ஆகிவிடும், அப்புறம் தனியாக 12 மி.மீ. வாங்குவது வீண். 25, 15 இரண்டும் ஒரு பார்லோவும் இருந்தால் 48, 80, 96, 160 என்று நான்கு படிகள் கிடைக்கும்.

கண்ணாடி அணிபவர்களுக்கு ஒரு வார்த்தை. 10 மி.மீ. பிளோசலில் லென்ஸுக்கு மிக அருகில், 7 மி.மீ. அளவில், கண்ணை வைக்க வேண்டியிருக்கும், கண்ணாடியோடு முடியாது. கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குவியத்தைத் திருகினாலே போதும். அஸ்டிக்மாடிசம் (கண்ணின் வளைவு சீராக இல்லாததால் வரும் பார்வைக் குறை) அதிகமாக இருந்தால், கண்ணை 15 முதல் 20 மி.மீ. தள்ளி வைத்துப் பார்க்கவிடும் ஐபீஸாகத் தேடி வாங்குங்கள்.