ஓடையை மீட்க வேண்டுமா? முதலில் மேல்நோக்கி நடங்கள்

ஆற்றைச் சுத்தம் செய்யலாம் என்று நாலு பேர் கூடினாலே முதலில் வரும் யோசனை ஒரு ஞாயிற்றுக்கிழமை கையுறை மாட்டிக்கொண்டு இறங்கிக் குப்பை அள்ளுவதுதான். அள்ளுங்கள், தப்பே இல்லை. ஆனால் அடுத்த மழைக்கு அதே இடத்தில் அதே மாதிரிக் குப்பை வந்து ஒதுங்கும், ஏனென்றால் அது அங்கே உருவானதில்லை, மேலேயிருந்து வந்தது. குப்பை என்று இல்லை, கலங்கல், நாற்றம், கரை இடிவது, கோடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் போவது எல்லாமே பெரும்பாலும் ஆற்றுக்கு வெளியே நிலத்தில் ஆரம்பிக்கிற கோளாறுகள். தண்ணீர் அவற்றைச் சுமந்துகொண்டு வந்து நம் கண்ணில் காட்டுகிறது, அவ்வளவுதான்.

அதனால் பெரிய ஆற்றை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அதில் வந்து சேரும் சின்ன ஓடை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சேருமிடத்திலிருந்து தலை வரைக்கும் நடந்தே போங்கள். எந்த ஆற்றின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தாலும் மொத்த நீளத்தில் பாதிக்கும் மேலே இந்தப் பெயர் தெரியாத சின்ன ஓடைகள்தான். அங்கே செய்த வேலை கீழே தெரியும், கீழே செய்த வேலை மேலே தெரியாது. அதோடு, ஒரு சின்னக் குழு தன் கையால் எதையாவது உண்மையிலேயே மாற்ற முடியும் என்றால் அது ஓடையில்தான்.

நடப்பதற்கு நாள் பார்க்க வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து மழை இல்லாமல் வெயில் காய்ந்த பிறகு போங்கள். மழைநீர் வடிவதற்கென்று வைத்த குழாய்கள் அப்போது வறண்டு கிடக்க வேண்டும். அப்படி ஒரு நாளில் ஒரு குழாயிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தால் அது மழைத்தண்ணீர் இல்லை. ஊற்று நீராகவோ உடைந்த குடிநீர்க் குழாயின் கசிவாகவோ இருக்கலாம், ஆனால் நிறைய நேரம் அது எங்கோ தவறாக இணைத்துவிட்ட கழிவுநீர். போட்டோ எடுங்கள், போனில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், நிறம், வாசனை, நேரம் எல்லாவற்றையும் எழுதுங்கள்.

கண்ணை ஏமாற்றும் விஷயங்கள் சில உண்டு. தேங்கிய தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம் தெரிந்தால் உடனே எண்ணெய்க் கழிவு என்று சத்தம் போட வேண்டாம். ஒரு குச்சியால் அதைக் கிளறிப் பாருங்கள். கண்ணாடி உடைவதுபோல் துண்டு துண்டாகப் பிரிந்து அப்படியே நின்றால் அது மண்ணில் உள்ள இரும்பைத் தின்று வாழும் பாக்டீரியாவின் வேலை, இயற்கையானது. குச்சியை எடுத்ததும் சுழன்று மறுபடி ஒன்றாகக் கூடிக்கொண்டால் அது எண்ணெய். நுரையும் அப்படித்தான்: பழுப்பாக, மண்வாசனையோடு இருந்தால் பெரும்பாலும் அழுகிய இலைகளால் வந்தது, வெள்ளை வெளேரென்று சோப்பு வாசனை அடித்தால் மேலே யாரோ எதையோ விடுகிறார்கள். கல்லின் மேல் சாம்பல் நிறத்தில் பஞ்சுபோல் ஒன்று வளர்ந்து நீரோட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தால் கழிவுநீர் வந்துகொண்டிருப்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

இரண்டாவது வேலை, அளப்பது. இதைத் தவிர்த்துவிட்டு நேராக மண்வெட்டியை எடுக்கிற குழுக்கள்தான் அதிகம். இரண்டு வருடம் கழித்து "என்ன மாறியது?" என்று யாராவது கேட்டால் அவர்களிடம் பதில் இருக்காது. விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஓட்டத்தை அளக்க ஒரு ஆரஞ்சுப் பழம் போதும், அது பாதிக்கு மேல் அமிழ்ந்து மிதப்பதால் காற்று அதைத் தள்ளாது. நேராக ஓடும் இடத்தில் 10 மீட்டர் அளந்து, பழத்தை விட்டு எத்தனை நொடியில் கடக்கிறது என்று நாலைந்து முறை பாருங்கள். 25 நொடி என்றால் வேகம் நொடிக்கு 0.4 மீட்டர். மேற்பரப்பில் தண்ணீர் அடியைவிட வேகமாக ஓடும், அதனால் 0.85-ஆல் பெருக்குங்கள், 0.34 வரும். ஓடையின் அகலம் 3 மீட்டர், சராசரி ஆழம் 0.4 மீட்டர் என்றால் மூன்றையும் பெருக்க 0.408 கன மீட்டர், அதாவது நொடிக்குச் சுமார் 400 லிட்டர். மாதம் ஒரு முறை அதே இடத்தில் இதைச் செய்து எழுதி வைத்தால் ஒரு வருடத்தில் உங்கள் ஓடையின் நாடித்துடிப்பு கையில் இருக்கும்.

தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்கச் சின்னச் சோதனைப் பெட்டிகள் கிடைக்கும். அளக்கும் நேரம் முக்கியம். நடுப்பகலில் அளந்தால் பாசி வெயிலில் ஆக்சிஜனை வெளிவிட்டுக்கொண்டிருக்கும், எண் நன்றாகத்தான் வரும். இரவு முழுக்க அதே பாசி ஆக்சிஜனை இழுத்துக்கொள்வதால் விடியும் நேரத்தில்தான் அளவு அடிமட்டத்துக்குப் போகும், மீன்கள் விடியற்காலையில் செத்து மிதப்பதற்குப் பல நேரங்களில் இதுதான் காரணம். எனவே சூரியன் எழும் முன் போங்கள். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பல மீன்கள் திணற ஆரம்பிக்கும், 2-க்குக் கீழே பெரும்பாலானவை பிழைக்காது. வெப்பமும் கூடவே பாருங்கள்: 20 டிகிரியில் தண்ணீர் அதிகபட்சம் 9 மில்லிகிராம் வரை ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும், 30 டிகிரியில் ஏழரைதான்.

ஆனால் எண்களைவிட நான் நம்புவது கல்லுக்கு அடியில் இருக்கும் உயிர்களை. தண்ணீர் சலசலவென்று ஓடும் ஆழமில்லாத இடத்தில் முழங்கால் அளவுக்குக் கீழேயே நின்று, உள்ளங்கை அகலக் கல் ஒன்றை மெதுவாகத் தூக்கி ஒரு வெள்ளைத் தட்டில் கொஞ்சம் தண்ணீரோடு வையுங்கள். ஒரு நிமிடம் அசையாமல் பாருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. அப்புறம் கல்லோடு கல்லாக ஒட்டியிருந்த ஒன்று நகரும்: தட்டையான உடல், பின்னால் நூல்போல மூன்று வால், வயிற்றின் இரண்டு பக்கமும் விடாமல் படபடக்கும் சின்னச் செவுள்கள். அது மேஃப்ளை என்ற பூச்சியின் இளம் பருவம். பக்கத்தில் மணல் துகள்களைத் தன் வாயிலிருந்து வரும் பட்டு நூலால் ஒட்டி ஒரு குழாய் கட்டிக்கொண்டு அதற்குள்ளிருந்து தலையை நீட்டுகிற புழு இருந்தால் அது கேடிஸ் என்ற பூச்சியின் இளம் பருவம். இரட்டை வாலோடு ஸ்டோன்ஃப்ளை என்ற பூச்சியின் இளம் பருவமும் கிடைத்துவிட்டால் அந்தத் தண்ணீர் நல்ல தண்ணீர். மாறாக ரத்தச் சிவப்பில் நெளியும் புழுக்கள் மட்டுமே கூட்டமாக இருந்தால் அங்கே ஆக்சிஜன் பற்றாக்குறை, நீங்கள் போன நேரத்தில் தண்ணீர் தெளிவாகவே இருந்தாலும் சரி. ராத்திரி இரண்டு மணிக்கு எதையாவது திறந்துவிட்டுப் போனாலும் இந்த உயிர்கள் அதை நமக்குச் சொல்லிவிடும், பாட்டிலில் எடுத்த தண்ணீர் சொல்லாது. சந்தேகப்படும் குழாய்க்கு மேலே ஓரிடம், கீழே ஓரிடம் என்று இரண்டு தட்டுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். பார்த்து முடித்ததும் கல்லை எடுத்த இடத்தில் எடுத்தபடியே திரும்ப வைத்துவிடுங்கள், அது அவற்றின் வீடு.

இதற்கெல்லாம் ஒரு வருடமா என்று கேட்பீர்கள். ஆமாம், ஒரு மழைக்காலமும் ஒரு வறண்ட காலமும் பார்க்காமல் எதையும் தோண்டாதீர்கள், நடாதீர்கள். எங்கள் குழு முதல் வருடமே ஆர்வத்தில் கரையின் அடிவிளிம்பு வரை கன்றுகளை வரிசையாக நட்டது. வெள்ளம் எந்த உயரத்துக்கு வரும் என்று யாரும் பார்த்திருக்கவில்லை. ஒரே இரவில் அத்தனையும் போனது, கன்று மட்டும் இல்லை, நாங்கள் கொத்திக் கிளறிய மண்ணும் சேர்ந்து போனது. அந்தக் கரை நாங்கள் தொடாமல் இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

சரி, வேலை வரிசைக்கு வருவோம். முதலில் உள்ளே வருவதை நிறுத்த வேண்டும், அழகுபடுத்துவது பிறகு. தேம்ஸ் நதியை 1957-ல் உயிரற்றது என்றே அறிவித்தார்கள். லண்டனின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களை விரிவாக்கி, மேம்படுத்திய பிறகுதான் மீன் திரும்பியது, கரையில் பூச்செடி வைத்ததால் அல்ல. நீங்கள் குறித்து வைத்த குழாய்களின் பட்டியல் இங்கேதான் உதவும். "ஆறு நாறுகிறது" என்று எழுதிக் கொடுத்தால் அந்தத் தாள் எங்காவது அடியில் போய்விடும். "இந்த இடத்தில் உள்ள குழாய், மழை இல்லாத ஆறு நாட்களில் ஐந்து நாள் காலை ஏழு மணிக்கு ஓடியது, படங்கள் இதோ, குழாய்க்கு மேலே மேஃப்ளை உண்டு, கீழே இல்லை" என்று கொடுத்தால் பதில் சொல்லாமல் இருப்பது கடினம். நீர்வளம், சுகாதாரம், மாசுக் கட்டுப்பாடு என்று யார் பொறுப்போ எல்லோருக்கும் ஒரே நாளில் நகல் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். ஆலையின் வாசலில் போய் நீங்களே சண்டை போட வேண்டாம், ஆபத்து, பலனும் இல்லை.

அடுத்தது கரை. ஓடையின் இரு பக்கமும் உழாமல், மேய்க்காமல், மருந்தடிக்காமல் ஒரு பட்டை நிலத்தை விடுவதுதான் எனக்குத் தெரிந்தவரை செலவுக்கு அதிகப் பலன் தரும் வேலை. பத்து மீட்டர் கிடைத்தாலே வயலிலிருந்து வரும் மண்ணையும் உரத்தையும் கணிசமாகத் தடுக்கும், முப்பது கிடைத்தால் பறவையும் மற்ற உயிர்களும் தங்க இடம் கிடைக்கும். நில உரிமையாளரிடம் கேட்காமல் ஒரு குச்சிகூட நடாதீர்கள், பேசுவதற்கு ஆகும் நேரத்தையும் வேலையாகவே கணக்கில் வையுங்கள். தண்ணீர் ஓரத்தில் நாணல், கோரை மாதிரி வளைந்து கொடுக்கும் புல்வகை, நடுவில் வெட்டிய கிளையை ஊன்றினாலே வேர்விடும் உள்ளூர்ப் புதர்கள், மேட்டில் மரம் என்று அடுக்குங்கள். வெள்ளம் வந்தால் புல் படுத்துக்கொள்ளும், வேர் மண்ணை விடாது. அரிக்கும் இடத்தில் தேங்காய் நார்ப் பாயை விரித்து முளையடித்தால் வேர் பிடிக்கும்வரை தாங்கும், அப்புறம் அதுவே மக்கிவிடும்.

கரைக்கு கான்கிரீட் சுவர் கட்டித் தருகிறோம் என்று யாராவது வந்தால் யோசியுங்கள். அந்த இடத்தில் அரிப்பு நிற்கும், வேகம் கூடிய தண்ணீர் அடுத்த வளைவில் போய் இடிக்கும். ஜேசிபியை இறக்கி ஒரே சீராகத் தூர்வாருவதும் அப்படித்தான். ஓடைக்கு ஆழமான மடுவும் வேண்டும், சலசலக்கும் மேடும் வேண்டும், வறண்ட காலத்தில் மீன்கள் அந்த மடுக்களில்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். விழுந்து கிடக்கும் மரத்தையும் பாலத்தை அடைக்காதவரை விட்டுவிடுங்கள். அமெரிக்காவின் வடமேற்கில் மீனுக்கு வழிவிடுவதாக நினைத்து ஓடைகளில் கிடந்த மரங்களைப் பல வருடங்கள் அப்புறப்படுத்தினார்கள், பிறகு செலவு செய்து திரும்பக் கொண்டுவந்து போட வேண்டியிருந்தது.

ஆற்றை நேராக்கியதற்கு எவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதற்கு ஃபுளோரிடாவின் கிஸிம்மி ஆறு போதும். 1962 முதல் 1971 வரை 166 கிலோமீட்டர் வளைந்து நெளிந்து ஓடிய ஆற்றை 90 கிலோமீட்டர் நேர்க் கால்வாயாக வெட்டினார்கள். ஈரநிலங்கள் காய்ந்தன, பறவைகள் போய்விட்டன. 1999-ல் தொடங்கி 2021 வரை, வெட்டிய கால்வாயின் ஒரு பகுதியை மூடி, சுமார் 70 கிலோமீட்டர் ஆற்றுக்குப் பழைய வளைவைத் திருப்பிக் கொடுத்தார்கள். வெட்ட ஒன்பது வருடம், ஓரளவு சரிசெய்யவே இருபத்திரண்டு வருடம்.

தடைகளையும் பாருங்கள். சாலைக்கு அடியில் போகும் குழாயின் வாய் தண்ணீர் மட்டத்துக்கு அரை மீட்டர் மேலே தொங்கிக்கொண்டிருந்தால் மேலே போக வேண்டிய மீனுக்கு அது சுவர். பயன்பாட்டில் இல்லாத சின்னத் தடுப்புகளும் அப்படியே. இவற்றைத் தன்னார்வலர்கள் தொடக்கூடாது, பின்னால் தேங்கிய வண்டலில் என்ன இருக்கிறது என்று சோதித்து, பொறியாளரை வைத்துத்தான் எடுக்க வேண்டும். எடுத்தால் நடப்பது ஆச்சரியமானது: அமெரிக்காவின் எல்வா ஆற்றில் 2011 முதல் 2014 வரை 33 மீட்டர், 64 மீட்டர் உயர இரண்டு அணைகளை அகற்றினார்கள், சால்மன் மீன்கள் அணை இருந்த இடத்தைத் தாண்டி மேலே நீந்திப் போயின, கடலோரத்தில் கரைந்துபோயிருந்த மணற்பரப்பு மீண்டும் வளர்ந்தது.

ஆகாயத்தாமரை மாதிரிச் செடிகளை அள்ளும்போது ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அது சாக்கடையும் உரமும் போடும் சாப்பாட்டில் வளர்கிறது. சாப்பாட்டை நிறுத்தாமல் செடியை மட்டும் எடுத்தால் சில வாரங்களில் மறுபடி மூடிவிடும். எடுத்ததைக் கரையிலேயே குவிக்காதீர்கள், அடுத்த வெள்ளம் அத்தனையையும் திருப்பி உள்ளே தள்ளும்.

மழை பெய்த மறுநாள் தண்ணீரில் இறங்காதீர்கள், கழிவுநீர் அதிகமாகக் கலந்திருக்கும் நேரம் அதுதான். காலில் காயம் இருந்தால் எப்போதுமே இறங்க வேண்டாம். தனியாகவும் போக வேண்டாம்.

நட்ட பிறகு மூன்று வருடம் களை எடுக்கவும் செத்த கன்றுக்குப் பதில் வைக்கவும் யார் வருவார்கள் என்பதை நடுவதற்கு முன்பே பெயர் போட்டு முடிவு செய்யுங்கள். ஒரு பாலத்தின் கைப்பிடியில் பெயின்ட்டால் ஒரு புள்ளி வையுங்கள், போனை எப்போதும் அந்தப் புள்ளியில் வைத்து, அதே திசையில், மாதம் ஒரு படம். கூடவே ஆரஞ்சுப் பழக் கணக்கும், வெள்ளைத் தட்டில் என்ன இருந்தது என்பதும் ஒரே நோட்டில், தேதியோடு. அந்த நோட்டுக்கு இரண்டு நகல் எடுத்து வேறு வேறு வீடுகளில் வையுங்கள்.