ஜெல்லிஃபின்: சப்டைட்டில் போட்டதும் படம் திக்குகிறதா?

வீட்டுக் கணினியில் இருக்கும் படங்களை டிவிக்கும் ஃபோனுக்கும் அனுப்பும் மென்பொருள்தான் மீடியா சர்வர். எம்பி என்ற மீடியா சர்வர் தன் மூலநிரலை மூடிக்கொண்டபோது, 2018 டிசம்பரில் அதிலிருந்து கிளை பிரிந்தது ஜெல்லிஃபின். காசு கிடையாது, சந்தா கிடையாது. நிறுவுவதும் எளிது. தலைவலியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

படம் திக்கினால் உடனே வைஃபையைத் திட்டாதீர்கள். படம் ஓடும்போதே 'பிளேபேக் இன்ஃபோ'வைத் திறந்து பாருங்கள். 'டைரக்ட் பிளே' என்றிருந்தால் கோப்பு அப்படியே டிவிக்குப் போகிறது. அப்போது வைஃபையைச் சந்தேகிக்கலாம். 'டிரான்ஸ்கோடிங்' என்றிருந்தால், உள்ளே எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் நிரல் உட்கார்ந்து கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறது. ஒலியை மட்டும் மாற்றுவது சுண்டைக்காய் வேலை. 4கே வீடியோவை மாற்றச் சொன்னால் பழைய கணினி படுத்துவிடும்.

இதில் யாரும் சந்தேகப்படாத ஆசாமி சப்டைட்டில். ப்ளூரே வட்டிலிருந்து வரும் பிஜிஎஸ் வகை சப்டைட்டில் எழுத்தே அல்ல, ஃபோட்டோ மாதிரி ஒரு படம். அதைக் காட்டத் தெரியாத ஆப்பாக இருந்தால், சர்வரே அதை வீடியோவின் மேல் ஒட்டி, முழு வீடியோவையும் மறுபடி என்கோடு செய்து, அதாவது டிரான்ஸ்கோடு செய்து அனுப்பும். அதே வசனத்தை எஸ்ஆர்டி என்ற எழுத்துக் கோப்பாகப் பக்கத்தில் வைத்தால் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. இது தெரியாமல் புது ரவுட்டர் வாங்கியவர்கள் உண்டு, அடியேனும் ஒருவன்.

டிரான்ஸ்கோடிங் தவிர்க்க முடியாது என்றால் சிப்பைப் பார்த்து வாங்குங்கள். வீடியோவை மாற்றும் சுமையைக் கிராஃபிக்ஸ் வன்பொருள் ஏற்றுக்கொள்வதுதான் 'ஹார்டுவேர் ஆக்சிலரேஷன்'. ராஸ்பெர்ரி பை 5 என்ற குட்டிக் கணினியில் வீடியோ என்கோடருக்கான வன்பொருளே இல்லை. பெயர் 'எஃப்' என்று முடியும் இன்டெல் சிப்களில் உள்கிராஃபிக்ஸ் கிடையாது. மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் அடைத்து ஓட்டும் டாக்கரில் ஜெல்லிஃபினை ஓட்டுபவர்கள், கிராஃபிக்ஸ் சாதனத்தைக் கன்டெய்னருக்குள் கொடுக்க மறந்துவிட்டு, "ஹார்டுவேர் ஆக்சிலரேஷன் வேலை செய்யவில்லை" என்பார்கள்.

கோப்புப் பெயரில் ஆண்டைப் போடுங்கள். வெறும் 'பில்லா' என்றால் 1980-இல் வந்ததா, 2007-இல் வந்ததா என்று சர்வருக்கு எப்படித் தெரியும்? அஜித் படத்துக்கு ரஜினி போஸ்டர் வந்து நிற்கும். படங்களையும் தொடர்களையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினால் குழப்பம் இரட்டிப்பு.

வெளியூரிலிருந்து பார்க்கும் ஆசையில் ரவுட்டரில் ஜெல்லிஃபினின் வாசலான 8096 போர்ட்டைத் திறந்துவிடுவதுதான் ஆபத்தான தவறு. அது வெறும் ஹெச்டிடிபி. பாஸ்வேர்டு மறையாக்கம் இல்லாமல் போகும். வீட்டுக்கு மறையாக்கப்பட்ட தனிப்பாதை போடும் விபிஎன் மென்பொருள்களான வயர்கார்டு அல்லது டெயில்ஸ்கேல் போட்டுக்கொள்ளுங்கள். பொது ஐபி, அதாவது வெளியிலிருந்து நேரடியாக அணுகக்கூடிய இணைய முகவரி, கிடைக்காத இணைப்பிலும் டெயில்ஸ்கேல் வேலை செய்யும்.