படம் இல்லாத விற்பனைப் பதிவு: எங்கே தடுக்கிறது, எப்படிச் சரிசெய்வது

இணையத்தில் பொருள் விற்கிறவர் படம் போடவில்லை என்றால், பார்ப்பவருக்கு "எதையோ மறைக்கிறார்" என்றுதான் முதலில் தோன்றும். சிலர் மறைக்கவும் செய்கிறார்கள். ஆனால் நேர்மையாக விற்க வந்தவர்களின் பதிவும் படமில்லாமல் கிடப்பதுண்டு. ஒன்று, கோப்பு ஏறாமல் போயிருக்கும். இல்லாவிட்டால் "வீடு இருக்கிற நிலையில் எப்படிப் படம் எடுப்பது" என்ற கூச்சம். எதுவானாலும் நஷ்டம் விற்பவருக்குத்தான். கிரெய்க்ஸ்லிஸ்ட் போன்ற தளங்களில் படம் உள்ள பதிவுகளை மட்டும் காட்டும் வடிகட்டி இருக்கிறது. அதை ஒருவர் தட்டினால் உங்கள் பதிவு அவர் கண்ணிலேயே படாது.

படி 1: முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

தளத்திலிருந்து லாக் அவுட் செய்துவிட்டு, அல்லது வேறொருவர் போனில், உங்கள் பதிவைத் திறந்து பாருங்கள். உங்கள் கணக்கில் படம் தெரிந்து மற்றவருக்குத் தெரியவில்லை என்றால் படத்தின் இணைப்பில் கோளாறு. இருவருக்குமே தெரியவில்லை என்றால் படம் ஏறவே இல்லை. படமே எடுக்கவில்லை என்றால் நேராகப் படி 3-க்குப் போங்கள்.

படி 2: ஏறாத படத்தை ஏற்றுவது

ஐபோன் 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 இயங்குதளம் முதல் படங்களை ஹெச்இஐசி (HEIC) வடிவில் சேமிக்கிறது. சில தளங்கள் இதை ஏற்பதில்லை. பிழை என்றுகூடச் சொல்லாமல் விட்டுவிடும் தளங்களும் உண்டு. செட்டிங்ஸில் கேமரா, அதில் ஃபார்மட்ஸ், அதில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் இனி எடுக்கும் படங்கள் ஜேபெக் (JPEG) வடிவில் வரும். ஏற்கெனவே எடுத்தவை மாறாது. அவற்றைத் தனியே ஜேபெக்காக மாற்ற வேண்டும், அல்லது மறுபடி எடுக்க வேண்டும்.

அடுத்து, ஆப்புக்கு உள்ள அனுமதி. முதன்முறை கேட்டபோது 'தேர்ந்தெடுத்த படங்கள் மட்டும்' என்று தட்டியிருந்தால், இன்று எடுத்த படம் அந்த ஆப்புக்குள் தெரியாது. போனின் செட்டிங்ஸில் அந்த ஆப்பைத் திறந்து அனுமதியை மாற்றுங்கள்.

வேகம் குறைந்த இணைப்பில் நடக்கும் தவறு ஒன்று: சிறுபடத்தின் மேல் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே 'வெளியிடு' பொத்தானை அழுத்துவது. எழுத்து போய்ச் சேர்ந்துவிடும், படம் பாதியில் நிற்கும். வட்டம் மறையும்வரை பொறுங்கள்.

நூறு பொருளை எக்செல் தாள் வழியாக மொத்தமாக ஏற்றுபவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. தாளில் படத்துக்கான கட்டத்தில் கூகுள் டிரைவின் பகிர்வு இணைப்பை ஒட்டிவிடுகிறார்கள். அது படத்தைக் காட்டும் பக்கத்தின் முகவரி. படத்தின் முகவரி இல்லை. தளம் அங்கே போய்ப் படம் கிடைக்காமல் திரும்பிவிடும். இணைப்பை உலாவியில் ஒட்டினால் வேறெந்தப் பட்டனும் இல்லாமல் படம் மட்டும் திறக்க வேண்டும். அப்படித் திறந்தால்தான் அந்த இணைப்பு உதவும்.

படி 3: எடுக்காமல் விட்ட காரணத்துக்குப் பதில்

பொருள் கையில் இல்லாமல் மொத்த வியாபாரியிடமிருந்து நேரே அனுப்புபவர்கள், அவரிடம் படத்தைக் கேட்டு, பயன்படுத்த எழுத்தில் அனுமதியும் வாங்குங்கள். இணையத்தில் கிடைத்த படத்தை எடுத்துப் போட்டால் பதிப்புரிமைப் புகாரில் பதிவு நீக்கப்படலாம். பழைய பொருளுக்கு நிறுவனத்தின் பளபளப்பான படத்தைப் போடுவது இன்னும் மோசம். வாங்கியவர் பெட்டியைத் திறந்ததும் திருப்பி அனுப்புவார்.

பொருள் கட்டிவைத்த பெட்டிக்குள் இருக்கிறதா? பிரியுங்கள். வேறு வழியில்லை.

கீறலோ உடைசலோ இருக்கிறது என்று தயங்குபவர்களுக்கு எங்கள் உறுதியான கருத்து: அதைத்தான் மிகத் தெளிவாகக் காட்ட வேண்டும். பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்த கீறலுக்காக யாரும் சண்டைக்கு வருவதில்லை.

படி 4: படம் எடுப்பது

ஒரு ஸ்டீல் கெட்டிலை எடுத்துக்கொள்வோம். பளபளக்கும் பொருள்தான் புதியவர்களை அதிகம் அழவைக்கும்.

முதலில் போனின் லென்ஸை மெத்தென்ற துணியால் துடையுங்கள். விரல் பிசுக்கு இருந்தால் படம் முழுக்கப் பனி படர்ந்தது போல வரும். பகலில், நேர்வெயில் விழாத ஜன்னலை ஒட்டி மேசையைப் போடுங்கள். பெரிய வெள்ளை சார்ட் பேப்பரின் மேல்முனையைச் சுவரில் ஒட்டி, மடிப்பு விழாமல் வளைத்து மேசைமேல் விரியுங்கள். கலைந்த அறை இனி படத்தில் வராது. கூச்சத்துக்கும் இதுவே மருந்து. அறை விளக்கை அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சம் நீலச்சாயல், குண்டு பல்பு மஞ்சள். இரண்டும் கலந்தால் கேமரா குழம்பி, கெட்டிலின் ஒரு பக்கம் ஒரு நிறமாகவும் மறுபக்கம் வேறு நிறமாகவும் வரும்.

பொருளை ஒட்டிப் போய் எடுக்காதீர்கள். போனின் முதன்மை லென்ஸ் அகலக் கோணம் கொண்டது. அருகில் போனால் மூக்கு வீங்கி அடி சிறுத்துத் தெரியும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று 2 மடங்கு ஜூம் வையுங்கள். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்தினால் இருண்ட பக்கம் தெளியும். ஸ்டீலில் உங்கள் உருவமே தெரிகிறதா? இன்னொரு வெள்ளை அட்டையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, அதன் வழியே எடுங்கள். இப்போது ஸ்டீலில் தெரிவது வெண்மை மட்டும்தான்.

வெள்ளைத் தாள் சாம்பலாக வந்தால் பயப்பட வேண்டாம். கேமரா எல்லாவற்றையும் நடுத்தர வெளிச்சத்துக்கு இழுக்கப் பார்க்கும். கெட்டிலின்மேல் திரையைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைச் சற்றே மேலே தள்ளுங்கள்.

ஆறு படம் போதும்: முழு உருவம், பின்பக்கம், மூடி திறந்த உட்புறம், வாட் அளவு அச்சிட்ட அடிப்பகுதி, வயரும் பிளக்கும், கடைசியாகக் குறை உள்ள இடம். உட்புறத்தில் உப்புப் படிவு இருந்தால் அப்படியே தெரியட்டும். கீறலை எடுக்கும்போது பொருளைத் திருப்பி, வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழும்படி வையுங்கள். நேர் வெளிச்சத்தில் கீறல் மறைந்துவிடும். பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்தால் அது 2 சென்டிமீட்டரா 5 சென்டிமீட்டரா என்ற கேள்வியே வராது.

படி 5: ஏற்றும் முன்

கேமராவின் இருப்பிடப் பதிவைப் படம் எடுப்பதற்கு முன்பே அணைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் வீட்டின் இடம் படக் கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். தளம் அதை நீக்கிவிடும் என்று நம்பி இருக்காதீர்கள். பின்னணியில் வீட்டு எண், கடிதம், குழந்தைகளின் படம் எதுவும் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அளவைக் குறைக்கத் தேவையில்லை. ஈபேயில் படத்தின் நீளமான பக்கம் குறைந்தது 500 பிக்சல் வேண்டும், 1600 இருந்தால் பெரிதாக்கிப் பார்க்க வசதி. ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஏற்றினாலும், வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பி வாங்கி ஏற்றினாலும் தெளிவு குறைந்துவிடும். மூலப் படத்தையே ஏற்றுங்கள். அமேசானில் முதன்மைப் படத்துக்குக் கட்டுப்பாடு அதிகம்: தூய வெள்ளைப் பின்னணி, பொருள் படப்பரப்பில் 85 சதவீதம் நிறைந்திருக்க வேண்டும், மேலே எழுத்தோ வாட்டர்மார்க்கோ கூடாது. படத்தைத் திருடிவிடுவார்களோ என்று அஞ்சுபவர்கள், தளம் அனுமதித்தால், உங்கள் கணக்குப் பெயரைத் தாளில் எழுதிப் பொருளருகே வைத்து ஒரு படத்தை எடுத்து இரண்டாவதாகச் சேருங்கள்.

வெளியிட்ட பத்து நிமிடம் கழித்து, படி 1-இல் செய்ததுபோல லாக் அவுட் செய்து மறுபடி ஒருமுறை பாருங்கள். முதல் படமாகக் கீறல் வந்து நின்றால், முழு உருவத்தை இழுத்து முன்னால் வையுங்கள்.