அடுத்த ரத்த தானத்துக்கு அங்கேயே நாள் குறியுங்கள்

ரத்தம் கொடுத்ததும் ஜூஸ், பிஸ்கட்டோடு கொஞ்ச நேரம் உட்கார வைப்பார்கள் அல்லவா, அப்போதே அடுத்த முறைக்கான நாளை போன் காலண்டரில் போட்டுவிடுங்கள். ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வேண்டும். நீங்கள் வரும் கிழமையில் ரத்த வங்கி திறந்திருக்குமா என்றும் கையோடு கேட்டுக்கொள்ளலாம்.

கொடுக்க மனமில்லாதவர்கள் குறைவு. வீட்டில் சோபாவில் சாய்ந்தபின் "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று சொல்பவர்கள்தான் அதிகம். 'அட, இவ்வளவுதானா' என்ற நினைப்பு ஆறுவதற்குள் நாள் குறித்துவிட்டால், அப்புறம் யோசிக்க வேலை இல்லை, கிளம்ப வேண்டியதுதான். கொடுத்த ரத்தத்தில் உள்ள தட்டணுக்களை (பிளேட்லெட்) 5 நாள், சிவப்பணுக்களைச் சில வாரங்கள்தான் வைத்திருக்க முடியும். அதனால் பிறந்தநாளுக்கு மட்டும் கூட்டமாக வருபவர்களைவிட (அதுவும் நல்லதுதான்) தவறாமல் வருகிற ஒருவர் ரத்த வங்கிக்குப் பெரிய உதவி.

எடை 45 கிலோவுக்குக் கீழே, ஹீமோகுளோபின் 12.5-க்குக் கீழே என்றால் இது சரிவராது. குறித்த நாளில் காய்ச்சலோ, ஆன்டிபயாடிக் மாத்திரையோ இருந்தாலும் போகாதீர்கள். நாளை மாற்றிப் போடுங்கள். பச்சை குத்தியிருந்தால் ஓராண்டு தள்ளிப்போட வேண்டும்.