ஈ.எஸ்.சி. வாங்கும்போது அம்பியரை மட்டும் பார்க்காதீர்கள்

மட்டக்களப்பு வவுணதீவுப் பக்கம் அறுவடை முடிந்த வயல்களுக்கு, ரிமோட்டில் பறக்கும் பற்றரி விமானத்தோடு வரும் தம்பிமார் கூடிவிட்டார்கள். சந்தோஷம்தான். ஆனால் மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி. பலகை விஷயத்தில், நாங்கள் தொடக்கத்தில் விட்ட அதே பிழைகளை வரிசை தப்பாமல் விடுகிறார்கள். பற்றரியின் பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுப்பதைப் பற்றிச் சொல்லப்போவதில்லை. புகை வந்தால் தானாக விளங்கும்.

பி.ஈ.சி.யை மறப்பது

ஈ.எஸ்.சி. மோட்டரை மட்டும் ஓட்டுவதில்லை. பெரும்பாலானவற்றின் உள்ளே பி.ஈ.சி. என்றொரு பகுதி இருக்கிறது. பற்றரி வோல்ட்டை 5 ஆகக் குறைத்து ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கும், சுக்கான்களை அசைக்கும் சின்ன மோட்டர்களான சேர்வோக்களுக்கும் கொடுப்பது அதுதான். விலை குறைந்தவற்றில் இது லீனியர் வகை. மிஞ்சும் வோல்ட்டை அப்படியே சூடாக எரித்துத் தள்ளும்.

கணக்கு லேசானது. மூன்று செல் பற்றரி 11.1 வோல்ட். சேர்வோக்கள் 1 அம்பியர் இழுத்தால் 6.1 வாட் சூடு. நான்கு செல் என்றால் 14.8, சூடு 9.8 வாட். பி.ஈ.சி.க்கென்று லேபிளில் போட்டிருக்கும் 2 அம்பியரை நம்பி முழுதாக இழுத்தால் 20 வாட்டுக்குக் கிட்ட வரும். அது சின்ன சோல்டரிங் அயனின் சூடு, விரல் நீளப் பலகைக்குள்.

ஒரு தம்பி நான்கு சேர்வோ விமானத்தில் ஈ.எஸ்.சி.யை மாற்றாமல் நான்கு செல் பற்றரிக்குப் போனார். ஏறும்போது நல்ல வேகம். அப்புறம் ஒரு திருப்பத்தில் எல்லாம் செத்து, நேரே வாவிக்குள். கரையில் நின்றவர்கள் "சிக்னல் போச்சு" என்றார்கள். அவரும் நம்பிப் புது ரிமோட் வாங்கினார். அடுத்த விமானமும் அப்படியே விழுந்தது! எனக்கு இன்னும் எரிச்சல் இந்த இடத்தில்தான். சூடு தாங்காமல் பி.ஈ.சி. தன்னை நிறுத்திக்கொள்ளும், ஆறியதும் திரும்ப வேலை செய்யும். ஆகவே நிலத்தில் வைத்துச் சோதித்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

நான்கு செல்லுக்குப் போனால், அவ்வளவு சூடாகாத ஸ்விட்சிங் வகை பி.ஈ.சி. ஒன்றைத் தனியாக வாங்கி, பற்றரியிலிருந்து ரிசீவருக்குக் கொடுங்கள். ஈ.எஸ்.சி.யிலிருந்து ரிசீவருக்கு வரும் மூன்று வயர்களில் நடுவிலுள்ள சிவப்பைக் கழற்றி டேப் சுற்றிவிடுங்கள். மற்ற இரண்டும் இருக்கட்டும்.

பற்றரி வயரை நீட்டுவது

நீட்டத்தான் வேண்டுமென்றால் மோட்டர் பக்கத்து மூன்று வயர்களை நீட்டுங்கள். ஈ.எஸ்.சி. கரண்ட்டை ஒரு செக்கனில் ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. பற்றரி வயர் நீண்டால் ஒவ்வொரு வெட்டிலும் வோல்ட் துள்ளி, உள்ளே வரும் பக்கத்துக் கப்பாசிட்டரை அடிக்கும். அது வீங்கிச் சாகும்.

பெரிய புரொப்பெல்லர்

விட்டம் ஓர் அங்குலம் கூடினாலே கரண்ட் கூடும், அதுவும் நினைத்ததை விட அதிகமாக. வாட் மீட்டர் போட்டு முழுத் திறாட்டிலில் அளந்து, அதற்கு மேல் கால் பங்கு கூடுதலான ஈ.எஸ்.சி. எடுங்கள். லேபிளில் பெரிதாகப் போட்டிருப்பது சில செக்கனுக்கான அளவாக இருக்கலாம், சின்ன எழுத்தையும் வாசியுங்கள்.

புரொப்பெல்லரோடு மேசையில் செட்டிங் பார்ப்பது

கழற்றுங்கள்.