டீ ஊர் டீமை லீக்கில் நிறுத்துவது எப்படி

துருக்கியின் பெரிய கால்பந்து கிளப்புகளான கலாட்டாசராயையோ ஃபெனர்பாஹ்சேயையோ எடுத்து ஆடப் போகிறவர்கள் இதைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். அவர்களுக்குப் பணம் இருக்கிறது, ஆள் இருக்கிறது, என்ன சொதப்பினாலும் மூன்றாவது இடம் எங்கும் போகாது. கால்பந்து கிளப்பை நிர்வகிக்கும் கம்ப்யூட்டர் கேமான ஃபுட்பால் மேனேஜர் 2024-இல் கையில் துட்டே இல்லாமல் ஒரு சின்ன துருக்கி கிளப்பை ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குத்தான் இது. 2025 பதிப்பு வெளிவராமலேயே ரத்தானதால் நிறையப் பேர் 24-ஐ விட்டு நகரவே இல்லை, நானும் அப்படித்தான். சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடி அறையில் இதுவரை மூன்று முறை தொடங்கியிருக்கிறேன், அதில் இரண்டு முறை கேமில் என் மேனேஜர் வேலை போய்விட்டது.

நான் எடுத்த கிளப் ரிஸேஸ்போர். முழுப் பெயர் சாய்குர் ரிஸேஸ்போர். சாய்குர் என்பது ரிஸே ஊரில் இருக்கும் அரசு டீ நிறுவனம், துருக்கியில் விளையும் டீயில் பெரும்பகுதி ரிஸேயைச் சுற்றித்தான். நம் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் டீக்கடையில் "ஒரு சாய்" என்று கேட்கிற அதே சாய்தான். அந்தப் பெயருக்காகவே எடுத்தேன் என்றால் சிரிப்பீர்கள். இன்னொரு காரணமும் உண்டு: துருக்கியிலேயே அதிக மழை பெய்யும் ஊர் அது, வருடத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல். அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் உட்கார்ந்துகொண்டு திரையில் மழை கொட்டுவதைப் பார்ப்பதே ஒரு சுகம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். புது கேம் தொடங்கும்போது துருக்கியின் மேல் இரண்டு லீக்குகளையும் சேருங்கள், கூடவே நீங்கள் ஆள் பிடிக்கப்போகும் நாடுகளில் இரண்டையாவது சேருங்கள். லேப்டாப் பழசாக இருந்தால் அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம், மே மாதத்தில் என் லேப்டாப் விசிறி போடுகிற சத்தத்துக்குக் கீழ் வீட்டிலிருந்து கேட்பார்கள். அமைப்புகளில் பணத்தை யூரோவிலும் சம்பளத்தை வருடக் கணக்கிலும் காட்டச் சொல்லுங்கள். வாரச் சம்பளமாகப் பார்த்தால் எல்லாத் தொகையும் சின்னதாகத் தெரியும், கை தாராளமாகிவிடும். ஆட்டோசேவை வாரம் ஒரு முறை என்று வைத்துவிடுங்கள். பேட்டரி செத்த லேப்டாப்பில் கரண்ட் போனால் ஒரு மாத ஆட்டம் போச்சு, அனுபவித்துச் சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கைத் தலையில் ஏற்றிக்கொள்ளுங்கள். இந்த கேம் தொடங்கும் 2023-24 சீசனில் லீக்கில் 20 அணிகள், 38 மேட்ச், கடைசி நான்கு அணிகள் கீழ் லீக்குக்குப் போகும். இருபதில் எட்டு அணி இஸ்தான்புல்லைச் சேர்ந்தவை. நிஜத்தில் அந்த வருடம் கலாட்டாசராய் 102 புள்ளி எடுத்துக் கோப்பையை வாங்கியது, ஃபெனர்பாஹ்சே ஒரே ஒரு மேட்சில்தான் தோற்றது, 99 புள்ளி எடுத்தும் இரண்டாம் இடம். மேலே இப்படிப் புள்ளிகளை அள்ளிக்கொண்டு போனால் கீழே மிச்சம் என்ன இருக்கும்? அங்காராகுஜு 40 புள்ளி எடுத்தும் இறங்கியது. ஆகவே மற்ற லீக்குகளில் சொல்கிற "40 எடுத்தால் தப்பிக்கலாம்" என்ற கதையெல்லாம் இங்கே ஓடாது, 44 என்று எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். அந்த அங்காராகுஜு வீட்டு மைதானத்தில் 2023 டிசம்பரில் ரிஸே இன்ஜுரி டைமில் கோல் போட்டு 1-1 ஆக்கியது, மேட்ச் முடிந்ததும் அங்காராகுஜு கிளப்பின் தலைவர் மைதானத்துக்குள் இறங்கி நடுவர் முகத்தில் குத்தினார், லீக்கையே சில நாள் நிறுத்தி வைத்தார்கள். ஒரு புள்ளிக்கு அங்கே என்ன மதிப்பு என்று புரிந்துகொள்ள இது போதும். (ரிஸே அந்த சீசனில் 50 புள்ளியுடன் ஒன்பதாவது. நிஜப் பயிற்சியாளர் என்னைவிடக் கெட்டிக்காரர்.)

முதல் வாரத்தில் யாரையும் வாங்காதீர்கள். தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று நம் ஊரைச் சொல்வார்களே, அந்த வரிசையில் இந்த கிளப்பின் பட்ஜெட்டையும் சேர்த்துக்கொள்ளலாம், பெயருக்கு ஒரு தொகை இருக்கும். அதைத் தொடாமல் முதலில் ஒப்பந்தப் பக்கத்தைத் திறந்து, இந்த சீசனோடு யார் யாருக்கு முடிகிறது, முப்பது வயதைத் தாண்டியவர்களில் யார் அதிகச் சம்பளம் வாங்குகிறார்கள் என்று பாருங்கள். அந்தப் பெரிய சம்பளக்காரரை லோனில், அதாவது வேறு கிளப்புக்கு வாடகைக்கு, அனுப்பினாலும் சரி, பாதிச் சம்பளத்தை நாமே கட்டினாலும் சரி, அனுப்பிவிட வேண்டும். அப்புறம் டிரான்ஸ்ஃபர் பணத்தைச் சம்பளப் பக்கம் நகர்த்துகிற ஸ்லைடர் ஒன்று இருக்கும், அதை முழுக்கச் சம்பளப் பக்கம் தள்ளுங்கள். நாம் விலை கொடுத்து வாங்கப்போவதில்லை, வாடகைக்குத்தான் எடுக்கப்போகிறோம்.

அதற்கு முன்னால் வெளிநாட்டு வீரர் விதி. துருக்கி கால்பந்து சம்மேளனம் இதை அடிக்கடி மாற்றும், கேமிலும் அப்படியே வரும், அதனால் ஒவ்வொரு ஜூலையிலும் லீக் விதிகள் பக்கத்தைத் திறந்து எத்தனை பேரைப் பதியலாம், களத்தில் எத்தனை துருக்கியர் இருக்க வேண்டும் என்று படித்துவிட்டுத்தான் மற்ற வேலை. முதல் சேவில், அதாவது முதல் முறை தொடங்கிய ஆட்டத்தில், நான் படிக்கவில்லை. மலிவாகக் கிடைக்கிறார்கள் என்று சந்தையில் கத்திரிக்காய் பொறுக்குவது போல வெளிநாட்டு ஆட்களை எடுத்துப் போட்டுக்கொண்டே போனேன், பதிவு நாளில் ஒருவருக்கு இடமில்லை. அவர் ஜனவரி வரை சம்பளம் வாங்கிக்கொண்டு, வாரா வாரம் "ஏன் என்னை ஆட விடவில்லை" என்று கதவைத் தட்டினார், பாதி டிரெஸ்ஸிங் ரூம் அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. விதி இப்படி இருப்பதால் சுமாராக ஆடுகிற துருக்கிப் பையனுக்கும் அங்கே தங்க விலை. 18 முதல் 21 வயதுக்குள், இரண்டாம் லீக்கில், கொஞ்சம் வேகமும் டிடர்மினேஷன் (விடாமுயற்சிக்கு கேம் தரும் மதிப்பெண்) 14-க்கு மேலும் உள்ள பையன்களை, ஆள் தேடும் உங்கள் ஸ்கவுட்டுகள் வருடம் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்போது இந்த வழிகாட்டியில் நான் சொல்ல வந்த முக்கியமான இடம். இங்கிலாந்து, ஸ்பெயின், இத்தாலி, ஜெர்மனி எல்லாம் செப்டம்பர் தொடக்கத்திலேயே டிரான்ஸ்ஃபர் கடையை மூடிவிடும். துருக்கியில் செப்டம்பர் பாதி வரை திறந்திருக்கும், 2023-இல் 15-ஆம் தேதி வரை. நடுவில் கிடைக்கிற அந்த இரண்டு வாரம்தான் சின்ன கிளப்பின் பண்டிகை. ஆகஸ்டில் போய்க் கேட்டபோது "எங்கள் பையன் பெரிய இடத்துக்குப் போகப் போகிறான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட கிளப்புகள், செப்டம்பர் 3-ஆம் தேதி அதே பையன் வேண்டாதவனாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும், ஜனவரி வரை பெரிய லீக் எதற்கும் அவனை அனுப்ப முடியாது. அப்போது லோன் பட்டியலில் உள்ளவர்களை வடிகட்டி, பத்துப் பதினைந்து பேருக்கு ஒரே நாளில் லோன் கேளுங்கள். முதலில் சம்பளத்தில் கால் பங்கு மட்டும் நாங்கள் கட்டுகிறோம் என்று அனுப்புங்கள். கிளப் மறுத்தால் கொஞ்சம் ஏற்றுங்கள். விரும்பினால் சீசன் கடைசியில் வாங்கிக்கொள்ளும் உரிமையையும் கேட்டு வையுங்கள், கட்டாயம் வாங்க வேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் தொடவே தொடாதீர்கள். ஒப்பந்தம் இல்லாமல் ஜூலையிலிருந்து சும்மா இருப்பவர்களும் இந்த நேரத்தில் இறங்கி வருவார்கள், ஜூலையில் கேட்ட சம்பளத்தை செப்டம்பரில் கேட்க மாட்டார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அதற்குள் நாலைந்து மேட்ச் முடிந்திருக்கும், அரைகுறை அணியோடு ஆடி இரண்டு புள்ளியில் நிற்பீர்கள், போர்டு முகம் கோணும். பயப்பட வேண்டாம். ஆனால் ஒரே வாரத்தில் எட்டு பேரை இறக்கினால் அணிக்குள் ஒட்டு இருக்காது, அதனால் அதிகபட்சம் ஐந்து பேர் போதும், அதிலும் இரண்டு பேர் ஏற்கெனவே துருக்கியில் ஆடியவர்களாக இருந்தால் நல்லது.

ஒப்பந்த ஷரத்துகளை வரி வரியாகப் படியுங்கள். வருடாந்திரச் சம்பள உயர்வு, அணியிலேயே அதிகச் சம்பளத்துக்குச் சமமாக்குதல் இந்த இரண்டையும் ஏஜென்ட் சத்தமில்லாமல் நுழைப்பார், இரண்டையும் எடுத்துவிட்டு, அதற்குப் பதில் கையெழுத்துப் பணத்தைக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். லீக்கிலிருந்து இறங்கினால் சம்பளம் குறையும் என்ற ஷரத்து எல்லோருக்கும் இருக்க வேண்டும். என் இரண்டாவது சேவ் செத்தது ஒரு ஷரத்தால்தான். 33 வயது ஸ்ட்ரைக்கர், கடைசி வருட ஒப்பந்தம், 25 லீக் மேட்ச் ஆடினால் தானாகவே இன்னொரு வருடம் நீளும் என்று இருந்தது. மார்ச்சில் மற்ற இருவருக்கும் காயம், வேறு வழியில்லாமல் இவரையே இறக்கிக்கொண்டிருந்தேன், 24-ஆவது மேட்சோடு நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை. அடுத்த வருடம் ஓடவே முடியாத ஒரு ஆள் அணியிலேயே பெரிய சம்பளத்தோடு உட்கார்ந்திருந்தார், நான் அக்டோபரில் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

விற்பது எங்கள் வடாற்காட்டுக்காரர்களுக்குச் சொல்லித் தரவேண்டிய வியாபாரம் இல்லை: பச்சைத் தோலாக வாங்கு, பதனிடு, நல்ல விலைக்குத் தள்ளு. ஆளைத் தோலோடு ஒப்பிடுகிறேன் என்று கோபப்படாதீர்கள், துருக்கி கிளப்புகளும் இப்படித்தான் பிழைத்திருக்கின்றன. அங்காராவின் கென்ச்லெர்பிர்லியி கேமரூன் வீரர் ஜெரெமியை 1999-இல் ரியல் மாட்ரிட்டுக்கே விற்றது. இஸ்மிரின் ஆல்டினோர்டு துருக்கிப் பையன்களை மட்டுமே வைத்து வளர்த்து, ஜெங்கிஸ் உண்டெரையும் சாலார் சோயுஞ்சுவையும் 2016-இல் அனுப்பியது, அதில் ஒருவர் அடுத்த வருடமே ரோமாவில் ஆடினார். நீங்கள் விற்கும்போது விலையைவிட முக்கியம், அடுத்த விற்பனையில் நமக்கு இருபது சதவீதம் என்ற ஷரத்து. விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது அதை வாங்குங்கள், மூன்று வருடம் கழித்து எதிர்பாராத நாளில் பணம் வந்து விழும். வருகிற பணத்தை அப்படியே செலவு செய்ய வேண்டாம், 2010-இல் சாம்பியனான புர்சாஸ்போர் 2024-இல் நான்காம் அடுக்கு லீக்குக்கு இறங்கியது, கடன்தான் பெரிய காரணம்.

டாக்டிக்கைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பெரிய அணிகளுக்கு எதிராக 4-1-4-1 வரிசை, எச்சரிக்கை மனநிலை, தற்காப்புக் கோடு நம் கோலுக்குப் பக்கமாக, முன்னால் ஆக்ஸிலரேஷன் (சட்டென்று வேகமெடுக்கும் திறன்) 15 உள்ள ஒருத்தன், அவ்வளவுதான். மழை நாளில் மட்டும் கோல்கீப்பரிடமிருந்து குட்டை பாஸாக ஆரம்பிக்கும் கட்டளையை எடுத்துவிடுங்கள், பந்து சேற்றில் நின்றுவிடும். நேரத்தைச் செலவிட வேண்டியது கார்னரில். உயரமான சென்டர் பேக்கை முன் கம்பத்துக்கு அனுப்பி, இன்னொருவரைக் கோல்கீப்பருக்கு முன்னால் மறிக்க விட்டு, பயிற்சியில் வாரம் ஒரு முறை செட் பீஸ் (கார்னர், ஃப்ரீ கிக் மாதிரியானவை) போடுங்கள். மூன்றாவது சேவில், நவம்பரில், வீட்டு மைதானத்தில் ஃபெனர்பாஹ்சே. கொட்டுகிற மழை. 60-ஆவது நிமிடம் வரை 0-1, உதவிப் பயிற்சியாளர் "தாக்குதலை அதிகப்படுத்துங்கள்" என்று மூன்று முறை சொல்லிவிட்டார், நான் காதில் வாங்கவில்லை. 87-ஆவது நிமிடத்தில் எங்களுக்கு அன்றைய இரண்டாவது கார்னர், முன் கம்பம், தலை, கோல். கத்திய கத்தில் அம்மா மேலே வந்துவிட்டார். திரையைப் பார்த்தார், அதற்குள் அது மறுபடி பட்டியலுக்குப் போயிருந்தது. "இன்னாடா இது, ஆபீஸ் கணக்கா? இதுக்கா இப்படிக் கத்தினே?" என்று கேட்டுவிட்டுக் காயப்போட்ட வத்தலை எடுக்கப் போய்விட்டார்.

பத்திரிகையாளர் சந்திப்புகளை உதவியாளரிடம் தள்ளிவிடுங்கள். ட்ராப்சோன்ஸ்போருக்கு எதிரான மேட்சுக்கு முன்னால் மட்டும் நீங்களே போங்கள், ட்ராப்சோன் பக்கத்து ஊர், இங்கிருந்து திருவண்ணாமலை போகிற தூரம்தான், ரசிகர்கள் அந்த மேட்சை மறக்க மாட்டார்கள்.

ஜனவரியில் லோன் ஆட்களைத் திரும்ப அழைக்கும் உரிமை அவர்கள் கிளப்புக்கு இருக்கிறதா என்று டிசம்பரிலேயே பார்த்து வையுங்கள், இருந்தால் மாற்று ஆள் தயாராக இருக்க வேண்டும். ஏப்ரலில் 44-ஐத் தொட்டதும் மூத்தவர்களை உட்கார வைத்துவிட்டு, கோடையில் விற்கப்போகிற பையன்களை மிச்ச மேட்ச் எல்லாவற்றிலும் முழுக்க ஆட விடுங்கள். முதல் அணியில் பத்து மேட்ச் ஆடிய பையனுக்கும் ஆடாத பையனுக்கும் வருகிற விலை வேறு. போன சீசனில் நான் 46-இல் முடித்தேன், பதினான்காவது இடம், போர்டு ஒப்பந்தத்தை ஒரு வருடம் நீட்டியது. இப்போது ஜூலை 4, விதிகள் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறேன்.