ஜெர்மனியில் முதல் குளிர்காலம்: அலமாரியைச் சுவரோடு ஒட்டாதீர்கள்

மியூனிக்கில் குடியேறிய முதல் ஜனவரியில், படுக்கையறை அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பட்டுப்புடவையை எடுத்தேன். மடிப்பு முழுக்கச் சாம்பல் பூத்திருந்தது. அலமாரியை இழுத்துப் பார்த்தால், பின்னால் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்புப் பூஞ்சை. இங்கே அதற்கு ஷிம்மல் என்று பெயர். வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஜன்னலைத் திறக்கிறீர்கள்?" மைனஸ் ஐந்தில் யாராவது ஜன்னலைத் திறப்பார்களா என்று எனக்குக் கோபம்தான் வந்தது. திறப்பார்கள். இந்த ஊரில் எல்லோரும் திறக்கிறார்கள்.

நம்மூர் வீட்டில் காற்று நம்மைக் கேட்காமலேயே வந்து போகும். இங்கே ஜன்னலைச் சுற்றி ரப்பர் பட்டை, இரண்டு மூன்று அடுக்குக் கண்ணாடி. மூடினால் மூடினதுதான். உள்ளே சமைக்கிறோம், குளிக்கிறோம், துணி காயப் போடுகிறோம், மூச்சு விடுகிறோம். நான்கு பேர் இருக்கும் வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து லிட்டர் வரை தண்ணீர் ஆவியாகக் காற்றில் கலக்கிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த சொம்பு வேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெளிச்சுவர் மூலைதான் அந்தச் சொம்பு. அறைச் சூடு 20 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால், 12 டிகிரிக்குக் குளிர்ந்த சுவரில் நீர் கோத்துவிடும். பூஞ்சைக்கு அவ்வளவு ஈரம்கூட வேண்டாம். சுவரை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தொட்டுச் சில நாள் அப்படியே நின்றால் போதும்.

இதற்கு இந்த ஊர் வைத்தியம் ஷ்டோஸ்லூஃப்டன். ஹீட்டரை அணைத்துவிட்டு, ஜன்னலை முழுசாக விரியத் திறந்து, ஐந்தே நிமிடம் விட்டு மூடுவது. எதிரெதிர் ஜன்னல்களைத் திறக்க முடிந்தால் இன்னும் நல்லது. ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. வாசல் தெளிப்பது மாதிரி, காலையில் எழுந்ததும் படுக்கையறையில் இதுதான் முதல் வேலை. "வெளியே மழை பெய்கிறதே, ஈரம் உள்ளே வராதா?" என்று புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். வராது. பூஜ்யம் டிகிரிக் காற்று ஒரு கன மீட்டரில் ஏறக்குறைய 5 கிராம் ஆவியைத்தான் தாங்கும். அதே காற்று உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானால் 17 கிராம் வரை தாங்கும். மழை நாளிலும் குளிர்காலக் காற்று உள்ளே வந்ததும் காய்ந்த துணி மாதிரி ஈரத்தை உறிஞ்சும்.

செய்யக் கூடாதது, ஜன்னலை மேல்பக்கம் மட்டும் சாய்த்து, அதாவது கிப் நிலையில், நாள் முழுக்க விடுவது. காற்று சரியாக மாறாது, ஜன்னலைச் சுற்றியுள்ள சுவர் குளிர்ந்து அங்கேயே பூஞ்சை வரும், வருடக் கடைசியில் ஹீட்டிங் கணக்கும் எகிறும். பத்துப் பதினைந்து யூரோவுக்கு ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி கிடைக்கும். முதல் வாரமே வாங்கிவிடுங்கள். 40க்கும் 60க்கும் நடுவில் இருந்தால் கவலையில்லை.

இனி சாமான்கள். எங்கள் தப்பு அலமாரியை வெளிச்சுவர் மூலையில் ஒட்டி வைத்ததுதான். பெரிய அலமாரி, கட்டில் எல்லாம் முடிந்தவரை உள்சுவர்ப் பக்கம். வேறு வழியில்லை என்றால் சுவருக்கும் சாமானுக்கும் இடையே குறைந்தது ஐந்து சென்டிமீட்டர், பத்து என்றால் உத்தமம். ரேடியேட்டருக்கு முன்னால் சோபா போடாதீர்கள், தரை வரை தொங்கும் திரையும் வேண்டாம். சூடு திரைக்குப் பின்னாலேயே அடைந்துவிடும். சுவருக்கு வண்ணம் அடிப்பதானால் சிலிகேட் அல்லது சுண்ணாம்பு வகையைக் கேட்டு வாங்குங்கள். அவற்றின் காரத்தன்மையால் (சுண்ணாம்பின் குணம்) பூஞ்சை எளிதில் பிடிக்காது. வெள்ளையடித்த பழைய வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பூச்சுள்ள வால்பேப்பர் அழகாகத்தான் இருக்கும், ஆனால் சுவரை மூச்சுவிட விடாது.

ரேடியேட்டர் திருகில் 1 முதல் 5 வரை இருப்பது வேகம் இல்லை, அறைச் சூடு. 3 என்றால் சுமார் 20 டிகிரி, ஒவ்வொரு எண்ணுக்கும் ஏறக்குறைய 4 டிகிரி கூடும், குறையும். 5இல் வைத்தால் சீக்கிரம் சூடாகாது, 28 டிகிரி வரை போய்க்கொண்டே இருக்கும். கூடத்துக்கு 20லிருந்து 22, படுக்கையறைக்கு 17, 18 போதும் என்பது இங்கே வழக்கம். நமக்கு அது குளிர்தான். என் வீட்டில் படுக்கையறையை 19இல் வைத்திருக்கிறேன், கூடவே ஒரு தடித்த போர்வை. ஆனால் ஒரு அறையைச் சுத்தமாக அணைத்துவிட்டுக் கூடத்துக் கதவைத் திறந்து வைத்துச் சூடேற்றாதீர்கள். கூடத்து ஈரம் முழுவதும் அந்தக் குளிர்ந்த சுவரில் போய்த்தான் உட்காரும்.

சமையலறைதான் நம் ஆட்களுக்குச் சோதனை. அடுப்புக்கு மேலே உள்ள உறிஞ்சி பல வாடகை வீடுகளில் உம்லுஃப்ட் வகை. காற்றை வடிகட்டித் திரும்ப உள்ளேயே விடும். எண்ணெயைப் பிடிக்கும், கரி வடிகட்டி இருந்தால் வாசனையைக் கொஞ்சம் பிடிக்கும், ஆவியைப் பிடிக்கவே பிடிக்காது. இட்லி வேகும்போதும் மிளகாய் வறுக்கும்போதும் சமையலறைக் கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்துவிடுங்கள். படுக்கையறையிலும் வழிநடையிலும் புகை எச்சரிக்கைக் கருவி சட்டப்படி இருக்கும். அது சாம்பிராணிக்கும் தீ விபத்துக்கும் வித்தியாசம் பார்க்காது. எங்கள் வீட்டு முதல் பொங்கலன்று மேல்மாடிப் பாட்டி செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தார்.

காற்று மாற்றுவது இவர்களுக்கு இன்று நேற்று வந்த பழக்கமும் இல்லை. மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் என்ற மியூனிக் அறிஞர் 1858லேயே, அறைக் காற்றில் கரியமில வாயு ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று எழுதிவைத்தார். அந்த ஆயிரம் பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) அளவைத்தான் இன்றைக்கும் சொல்கிறார்கள். சாத்திய படுக்கையறையில் இரண்டு பேர் தூங்கினால் விடிவதற்குள் அது எளிதாகத் தாண்டிவிடும். காலைத் தலைவலிக்குக் காபியைத் தேடும் முன் ஜன்னலைத் திறந்து பாருங்கள்.

கோடையில் எல்லாமே தலைகீழ். பெரும்பாலான வீடுகளில் ஏசி கிடையாது. காலை எட்டு மணிக்கே ஜன்னலைச் சாத்தி, ரோலாடன் என்கிற வெளிப்புறச் சுருள்கதவை இறக்கிவிடுங்கள், இரவில் எல்லாவற்றையும் திறங்கள். வெயில் கண்ணாடியைத் தொட்ட பிறகு உள்ளே திரை போட்டு அவ்வளவாகப் பயனில்லை. கெல்லரில், அதாவது நிலவறையில், துணி வைத்திருந்தால் கோடையில் பகலில் அதன் ஜன்னலைத் திறக்காதீர்கள். வெளிக் காற்றின் ஈரம் அங்கே குளிர்ந்த சுவரில் இறங்கும்.

பூஞ்சை வந்தேவிட்டால் துடைத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். படம் எடுத்து, தேதியோடு வீட்டுக்காரருக்கு எழுத்தில் உடனே தெரிவியுங்கள். குறையைத் தெரிவிப்பது வாடகைக்காரரின் சட்டக் கடமை. "நீங்கள்தான் ஜன்னல் திறக்கவில்லை" என்றுதான் பெரும்பாலும் முதல் பதில் வரும். தினமும் எப்போது திறந்தீர்கள், கருவி எவ்வளவு காட்டியது என்று ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தால் அப்போது கைகொடுக்கும். ஊருக்கு ஊர் வாடகைக்காரர் சங்கம் உண்டு, மீட்டர்ஃபெரைன் என்பார்கள். ஆண்டுச் சந்தா கட்டிச் சேர்ந்தால் வழக்கறிஞரிடம் யோசனை கேட்கலாம். நான் சேர்ந்தது பட்டுப்புடவை போன பிறகு.